எஸ்தருக்காக ஐந்து கிலோமீட்டர்

ஆம்பூர் பைபாஸை ஒட்டியிருக்கும் ஷூ கம்பெனியில் ஹெலன் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஃபினிஷிங் லைனில் கடைசிக்கு முந்தின இடம் அவளுடையது. வெட்டி, தைத்து, அடிப்பாகம் ஒட்டி முடிந்த ஷூ அவள் கைக்கு வரும். ஓரத்தில் கசிந்து காய்ந்திருக்கும் சொல்யூஷனைச் சுரண்டி எடுக்க வேண்டும். நூல் பிசிறைச் சூடு காட்டிப் பொசுக்க வேண்டும். தோலில் கீறலோ, மாட்டுக்கு எப்போதோ பட்ட காயத்தின் தழும்போ இருந்தால், அதே நிறக் கிரீமை விரலால் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து மறைக்க வேண்டும். தேய்த்ததில் வலது ஆள்காட்டி விரலின் ரேகையே போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் அந்த விரலை வைத்தால் அவளை யாரென்று அது ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு மாதமும் இடது கையைத்தான் நீட்டுவாள்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள், டீ முடிந்து பெல் அடித்த கையோடு, வெல்ஃபேர் ஆபீசர் கோபி லைனுக்கே வந்துவிட்டான். முப்பது வயது ஆகாத பையன். யாரையும் அதட்டிப் பேசமாட்டான். லைனில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும்.

"ஹெலன்க்கா, ஒரு நல்ல சேதி. இந்த வருஷம் ரன்னு உங்க பொண்ணுக்குத்தான். முதலாளி ஓகே சொல்லிட்டாரு."

ஹெலனுக்கு முதலில் புரியவில்லை. பக்கத்து மேஜை அக்தரி பேகம்தான் முழங்கையால் இடித்தாள். "சார் சொல்றது காதுல வுழலியா? எஸ்தர் ஆபரேஷனுக்கு!"

வருஷா வருஷம் பிப்ரவரியில் கம்பெனி ஒரு ஓட்டம் நடத்தும். ஐந்து கிலோமீட்டர். கம்பெனி ஆட்களும் ஊர்க்காரர்களும் ஓடுவார்கள். ஓடி முடிக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு என்று, கம்பெனியில் ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் பணம் கொடுப்பார். போன வருஷம் அந்தப் பணத்தில் அரசுப் பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டினார்கள். இந்த வருஷம் எஸ்தர்.

எஸ்தருக்குப் பதினாலு வயது. ஒன்பதாவது படிக்கிறாள். சின்ன வயதில் அடிக்கடி தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு அனுப்பினார்கள். அந்தக் காய்ச்சல் இதயத்தில் போய் உட்காரும் என்று யாருக்குத் தெரியும்? போன தீபாவளிக்குப் பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மழைக்காலம் வரை தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். காப்பீட்டு அட்டையில் பாதிதான் வந்தது. மீதிக்கு வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கோபி வந்து நின்றான். ஹெலன் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயோ, இன்னாக்கா இது," என்று கூச்சப்பட்டான் அவன். "ஒரு போட்டோ மட்டும் குடுங்க. டீ ஷர்ட்ல போடணும்."

மறுநாள் பர்சிலிருந்து பள்ளிக்கூட போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். எஸ்தர் அதில் தெத்துப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சிரிக்காத போட்டோ எதனா இருக்குதாக்கா?"

ஆஸ்பத்திரி சீட்டுக்காக எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தாள்.

*

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒற்றைப் படுக்கையறை வைத்த வாடகை வீடு. அவள் புருஷன் தானியேல், தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஆள். குரோம் உப்பு கலந்த தண்ணீரில் ஊறிய தோலை டிரம்மில் ஏற்றி இறக்கி அவன் நகங்களெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். வேலை முடிந்து வந்ததும் வாசல் குழாயில் ஒரு குளியல், உள்ளே சோப்புப் போட்டு இன்னொரு குளியல். அதற்குப் பிறகுதான் மகள் பக்கத்தில் உட்காருவான். நெடி அவளுக்கு மூச்சை அடைக்கும் என்று அவனுக்குப் பயம்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஹெலன் விஷயத்தைச் சொன்னதும் தானியேல் களி உருண்டையைப் பிட்ட கையோடு நிமிர்ந்தான்.

"அப்போ நானும் ஓடலாமா?"

"வெளியாளுங்களும் ஓடலாமாம்."

"ஓடறேன். நம்ம புள்ளைக்கு ஊரே ஓடச்சே நான் வேடிக்க பாத்துகினு நிக்கறதா?"

எஸ்தர் குழம்பில் கருவாட்டைத் தேடிக்கொண்டே சொன்னாள். "நைனா, தெருமுனை வரிக்கும் ஓடினாலே உனுக்கு மூச்சு வாங்கும். என்னையும் உன்னையும் சேத்து ஆபரேஷன் பண்ணணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அவளே, "ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல என்ன மட்டும் மரத்தடில உக்கார வெக்கறாங்க. இங்க என் மூஞ்சிய சட்டையில போட்டுகினு எல்லாரும் ஓடப் போறாங்க. ஒரு மாதிரி இருக்குதும்மா," என்றாள்.

"இன்னா மாதிரி இருக்குது? உன் நல்லதுக்குத்தான?"

"சரி, சரி. கோவப்படாத."

அடுத்த நாளிலிருந்து தானியேல் விடிகாலையில் எழுந்து பாலாற்றங்கரைக்குப் போனான். ஹெலன் கம்பெனியில் தள்ளுபடிக்கு விற்ற ரிஜெக்ட் ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருந்தாள். ஒரு சைஸ் சின்னது. தண்ணீரில்லாத ஆற்றில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். கரை மண்ரோட்டில் பனியும் தோல் ஷாப்பு நாற்றமும் கலந்து இறங்கியிருக்கும். முதல் நாள் பாதி தூரத்தில் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது வாரம், "நிக்காம போய்ட்டு வந்தேன் ஹெலனு," என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். நாற்பத்தாறு வயது ஆளின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

*

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனைக்குப் போகாமல் மூவரும் மைதானத்துக்கு வந்தார்கள். ஆறு மணிக்கே ஐந்நூறு அறுநூறு பேர் கூடியிருந்தார்கள். எல்லோர் நெஞ்சிலும் எஸ்தர். வெள்ளை டீ ஷர்ட்டில், சிரிக்காத முகம். அதன் கீழே, 'எஸ்தருக்காக ஐந்து கிலோமீட்டர்'. பருத்த ஆட்களின் வயிற்றில் அவள் முகம் அகன்றும், ஒல்லிப் பையன்களிடம் மடிந்து கோணியும் இருந்தது. எஸ்தர் பச்சைச் சுடிதாரில், அம்மாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

தானியேல் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு கூட்டத்தோடு ஓட்டம் தொடங்கும் கோட்டருகே போய்விட்டான். அங்கிருந்து கையை ஆட்டினான்.

அப்போதுதான் கோபி ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, சின்ன ரிக்வெஸ்ட். பாப்பா இதுல உக்காரட்டும்."

"இன்னாத்துக்கு சார்? அவ நடப்பாளே."

"தெரியும்க்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். "பாக்கறவங்களுக்குத் தெரியணும்ல? நல்லா இருக்கற பொண்ணு மாதிரி நிக்கறா. ஹார்ட்டு உள்ள இருக்குது, அது யார் கண்ணுக்குத் தெரியும்? பையர் ஆபீஸ்லர்ந்து வீடியோ கேட்டிருக்காங்க. ஊர்லர்ந்து வந்தவங்களும் பாத்துட்டு மேல எதனா குடுப்பாங்க. பத்து நிமிஷம்தான். எனக்கும் புடிக்கலக்கா. மேல சொல்றாங்க."

ஹெலன் தானியேலைத் தேடினாள். வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் அவனைக் காணவில்லை. யோசிக்க ஒரு நிமிஷம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகள் பக்கம் திரும்பி, "நின்னுகினே இருந்தா மயக்கம் வந்துடும். இதுல உக்காரு," என்றாள்.

"எனக்கு மயக்கம் வர்லியே."

"வரும். உக்காரு."

"ம்மா, இது நடக்க முடியாதவங்க உக்கார்றது."

"உக்காருன்னா உக்காரு எஸ்தர். எல்லாரும் பாக்கறாங்க."

எஸ்தர் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். கால் இரண்டும் தரையில் ஊன்றி, எந்த நேரமும் எழுந்துவிடுகிற மாதிரிதான் இருந்தது. ஹெலன் குனிந்து அவள் பாதங்களை எடுத்து மிதிபலகையில் வைத்தாள். தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து மகளின் முழங்கால்களை மூடிப் போர்த்தினாள். சால்வையைப் போர்த்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது அவளாகச் செய்தது. பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் கோபி மேல், கம்பெனி மேல், பணமில்லாத கொடுமை மேல் பழியைப் போட முடிந்தது. அந்தச் சால்வைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

கேமராக்காரன் வந்து சுற்றிச் சுற்றி எடுத்தான். விசில் ஊதினார்கள். கூட்டம் தபதபவென்று ஓடியது. புழுதி அடங்க வெகு நேரமானது.

நாற்பது நிமிஷத்தில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். மைக்கில் ஹெலனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி இஷ்தியாக் அகமது நடுவில் நின்றார். வயதானவர், நல்ல மனிதர் என்று பெயர். ஹெலனைப் பார்த்து, "கவலப்படாதம்மா, அல்லா பாத்துக்குவான்," என்றார். ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைச் செக்கை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். படம் எடுத்ததும் எஸ்தரை நாற்காலியோடு மேலே ஏற்றுவதாகத் திட்டம்.

மேடையிலிருந்து ஹெலனுக்கு எல்லாம் தெரிந்தது. எஸ்தரின் வகுப்புப் பெண் ஆஃப்ரீன் தன் அண்ணன் ஓடுவதைப் பார்க்க வந்திருந்தாள் போல. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து நாற்காலிக்கு முன்னால் அப்படியே மண்டி போட்டாள். என்ன பேசினாள் என்று அப்போது கேட்கவில்லை. எஸ்தர் பின்னால் அப்பாவிடம் சொல்லித்தான் தெரியும். "வெள்ளிக்கெழம நல்லாத்தானடி இருந்த? ரெண்டு நாள்ல காலு போய்ட்ச்சா? சொல்லவே இல்லியேடி!" என்று கேட்டு, எஸ்தரின் மடியில் தலையைக் கவிழ்த்து அழுதிருக்கிறாள்.

எஸ்தர் அவள் தலையைத் தூக்கி என்னவோ சொன்னாள். சால்வையை எடுத்தாள். நான்காக மடித்து நாற்காலியில் வைத்தாள். எழுந்து நின்றாள். எஸ்தர் யாரையும் பார்க்காமல், வேகமாகவும் இல்லாமல், மைதானத்தைத் தாண்டி கேட் வழியாக ரோட்டுக்குப் போனாள்.

"ஏய், நடக்குதுடா!" என்றான் ஒருவன். யாரோ சிரித்தார்கள். இரண்டு மூன்று செல்போன்கள் உயர்ந்தன.

ஹெலனின் கால் படிப்பக்கம் நகர்ந்தது. அதே நேரம் செக்கின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தார்கள். மறுமுனை முதலாளியின் கையில். அவள் விட்டால் அட்டை சாய்ந்துவிடும்.

"பொண்ணு எங்கம்மா?" என்றார் முதலாளி.

"பாத்ரூம் போயிருக்கா சார்," என்றாள் ஹெலன்.

"கொஞ்சம் சிரிங்கம்மா," என்றான் கேமராக்காரன்.

சிரித்தாள். வெயில் அட்டையில் பட்டுப் பளபளக்கிறது, படம் சரியாக வரவில்லை, கொஞ்சம் திரும்புங்கள் என்றான். திரும்பி நின்று இன்னொரு தடவையும் சிரித்தாள். கேட் பக்கம் பச்சைச் சுடிதார் மறைந்துவிட்டது. மருந்து வேளை, வெயில், நெடுஞ்சாலை, லாரி எல்லாம் மனசுக்குள் ஓடியது. ஆனால் இறங்கினால் இந்தச் செக்கு என்ன ஆகும் என்ற ஒன்று அவளை அந்த இடத்திலேயே ஆணியடித்து நிறுத்தியது. கோபி மைக்கில் நன்றி சொல்லி முடிக்கிறவரை நின்றாள்.

தானியேல் கடைசி ஆட்களில் ஒருவனாக வந்தான். நொண்டிக்கொண்டுதான் வந்தான், ஆனால் நடக்கவில்லை. கோட்டைத் தாண்டியதும் யாரோ கழுத்தில் மெடல் போட்டார்கள். நேராக மேடைப் படிக்கு வந்தான். ஒரு ஷூவின் முனையில் ரத்தம் ஊறியிருந்தது.

"முடிச்சிட்டேன் ஹெலனு! நடுவுல நிக்கவே இல்ல. புள்ள எங்க?"

ஹெலன் வாயைத் திறந்தாள். பாத்ரூம் என்ற பொய் அவனிடம் வரவில்லை.

"கோச்சிகினு போய்ட்டா."

"எங்க?"

"ரோட்டுப் பக்கம். இருவது நிமிஷம் ஆவுது."

"தனியாவா?"

அவள் தலையை ஆட்டினாள். தானியேல் அவளையும், அவள் கையில் இன்னும் இருந்த அட்டையின் முனையையும் பார்த்தான். திரும்பி, வந்த வழியே ஓட ஆரம்பித்தான்.

*

எஸ்தர் வெகு தூரம் போயிருக்கவில்லை. அரைக் கிலோமீட்டரில் மூச்சு முட்டியதும் சாலையோரம் நவீத் என்பவனின் பஞ்சர் கடை நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நவீத் தண்ணீர் கொடுத்து, டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்து, பெயர் கேட்டால் சொல்லாத பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறான். மூச்சிரைக்க வந்து நின்ற தானியேலின் நெஞ்சைப் பார்த்ததும்தான் அவனுக்கு விளங்கியது.

"இந்தப் புள்ளதானாண்ணே?"

எஸ்தர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "நைனா, அந்தச் சட்டையக் கழட்டு."

தானியேல் அங்கேயே கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டான். நவீத் ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டான்.

ஹெலன் வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்றுக்கு மேல். அட்டைச் செக்கு படத்துக்கு மட்டும்தான். அதைக் கோபி திரும்ப வாங்கிக்கொண்டான். அவள் கையில் ஓடினவர்களுக்குக் கொடுத்த பிரியாணிப் பொட்டலம் மூன்று இருந்தது. எஸ்தர் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தானியேல் பெருவிரல் நகத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எறங்கி வந்திருக்கலாம் ஹெலனு," என்றான் நிமிராமல்.

"வந்திருந்தா?"

"வந்திருந்தா இன்னா?"

"பணம் வர்லைன்னா இன்னா பண்ணுவ? நீ குடுப்பியா? ஆபரேஷன் எதுல பண்ணுவ?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. 'நீங்க' என்று கூப்பிடுகிறவள் 'நீ' என்று பேசியதை இருவருமே கவனித்தார்கள்.

"ரோட்டுல மயக்கம் போட்டு வுழுந்திருந்தா? அந்தப் பணத்த இன்னா பண்ணியிருப்பே?"

எஸ்தர் கட்டிலிலிருந்தே, "ரெண்டு பேரும் வுடுங்க. பசிக்குது," என்றாள். பொட்டலத்தைப் பிரித்துக் கத்திரிக்காய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். தட்டு வைக்கட்டுமா என்று ஹெலன் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். ஹெலனின் பொட்டலம் அன்று முழுக்கப் பிரிக்கப்படாமல் இருந்தது.

*

திங்கட்கிழமைக்குள் வீடியோ கம்பெனி முழுக்கப் போய்விட்டது. முதலில் சால்வை போர்த்திய எஸ்தர், அடுத்து விறுவிறுவென்று நடக்கிற எஸ்தர். கீழே, 'நம்மை ஓட வைத்துவிட்டு நடந்து போகிறாள்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். நேராக முகத்துக்கு முன்னால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேக்கிங்கில் ஒருத்தி மட்டும், "பொண்ணு எப்டி இருக்கா? நல்லா நடக்குறாளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹெலன் தலை நிமிராமல் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கோபி வந்தான். அவன் முகமும் செத்துப் போயிருந்தது.

"பையர் கேக்கறாங்கக்கா. ஆளுங்களும் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. பாப்பாவோட ஹார்ட்டு எக்கோ ரிப்போர்ட்ட நோட்டீஸ் போர்டுல போட்டுட்டா எல்லார் வாயும் அடங்கும். நாற்காலி நான் குடுத்ததுன்னு நான் சொல்லிட்டேன் மேல. ஆனா அது வெளிய வரக்கூடாதாம்."

ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். கேன்டீன் வாசலில் லீவு பட்டியலுக்கும் போனஸ் அறிவிப்புக்கும் நடுவில் அது தொங்கியது. பெயர், வயது, உயரம், எடை, வால்வின் அளவு. சாப்பாட்டுத் தட்டோடு ஆட்கள் நின்று படித்தார்கள். புரியாதவர்களுக்குப் புரிந்தவர்கள் விளக்கினார்கள்.

அக்தரி பேகம் அதைப் பார்த்தது மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது. ஐம்பது வயதைத் தாண்டியவள், ஐந்து நேரத் தொழுகையை விடாதவள், யாருக்கும் பயப்படாதவள். லைனில் எல்லோருக்கும் அவள் ஆபா, மூத்த அக்கா. கையை நீட்டி அந்தத் தாளை ஒரே இழுப்பில் பிய்த்தெடுத்தாள். குண்டூசி தெறித்து விழுந்தது.

"ஹெலன், வயசுக்கு வந்த பொண்ணுடி. அவ நெஞ்சுக்குள்ள இருக்கறத வர்றவன் போறவன்லாம் நின்னு படிக்கறான். உனுக்கு ரோஷமே இல்லியா?"

கேன்டீன் வாசலே திரும்பிப் பார்த்தது.

"குடு ஆபா," என்றாள் ஹெலன்.

"இந்தா. வூட்டுக்கு எடுத்துகினு போ. பொட்டியில வை."

ஹெலன் தாளை வாங்கினாள். கசங்கின இடத்தைப் போர்டின் மேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். கீழே குனிந்து குண்டூசியைத் தேடி எடுத்து, அதே இடத்தில் குத்தினாள்.

"பணம் இன்னும் வர்ல ஆபா."

அக்தரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தன் டப்பாவிலிருந்த குஸ்காவில் பாதியை ஹெலன் தட்டில் தள்ளினாள். ஹெலன் அழுதுகொண்டே தின்றாள்.

*

ஏப்ரலில் பணம் வந்தது. மே மாதம் ஆபரேஷன் நடந்தது. ஆறு மணி நேரம் தானியேல் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தான். ஹெலன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது என்றார்.

ஜூலையில் எஸ்தர் பள்ளிக்கூடம் போனாள். அடுத்த மாதம் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறிக் காட்டினாள். அம்மாவோடு பேசினாள், சண்டை போட்டாள், தலை பின்னச் சொல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எல்லாம் முன்பு போலத்தான். ஒரு நாள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது ஹெலன் சொன்னாள்.

"அன்னிக்கு நான் உன் பின்னாடியே வந்திருக்கணும்டி."

எஸ்தர் ரப்பர் பேண்டைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

"அத வுடும்மா. ஆபரேஷன்தான் ஆய்ட்ச்சில்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் ஹெலனுக்குத் தாங்கியிருக்கும். அவள் சாதாரணமாக, கணக்குப் பாடத்துக்கு விடை சொல்வது மாதிரி சொன்னாள். ஹெலன் பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டாள். மகளின் முன்னால் வந்து முகம் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

*

பொங்கல் கழிந்த வாரம் கோபி மறுபடியும் வந்தான்.

"பேக்கிங்ல அமிர்தவள்ளி இருக்காங்கள்ல? அவுங்க பையனுக்கு ரத்தத்துல கோளாறு. மாசாமாசம் ரத்தம் ஏத்தணும், இப்ப பெரிய வைத்தியம் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. இந்த வருஷம் ரன்னு அவனுக்குப் பண்ணலாம்னு இருக்கோம். அவுங்க யோசிக்கறாங்க. போன வருஷத்த எல்லாரும் பாத்தாங்கள்ல..." அவன் தரையைப் பார்த்தான். "நீங்க ஒரு வார்த்த பேசுனா கேப்பாங்கக்கா."

போன வருஷம், 'நல்லா நடக்குறாளா?' என்று கேட்டவள் அந்த அமிர்தவள்ளிதான்.

முடியாது என்று சொல்லத்தான் ஹெலன் நினைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாதனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அமிர்தவள்ளியின் வீடு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, கம்பங்கொல்லையை ஒட்டி. வாசலில் ஏழு வயதுப் பையன் ஒருவன் சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். உதடு வெளுத்திருந்ததைத் தவிர அவனிடம் ஒன்றும் தெரியவில்லை. அவன்தான் அன்பரசன்.

அமிர்தவள்ளி அவளைப் பார்த்ததும் வாசற்படியிலேயே தயங்கி நின்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தாள். காபி வைத்துக் கொடுத்தாள். எதிரில் உட்கார்ந்து புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, நான் அன்னிக்கு அப்டிக் கேட்டது தப்புக்கா. எனக்கு அப்பத் தெரியாது. இவனுக்கு இப்டி ஆவும்னு தெரியாது."

"அத வுடு," என்றாள் ஹெலன். சொன்ன பிறகுதான் அது எஸ்தரின் வார்த்தை என்று தெரிந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கோபி சார் அனுப்புனாரா?"

"ஆமா. உன்ன ஒத்துக்க வெக்கச் சொல்லி அனுப்புனாரு."

"இன்னாக்கா பண்ணணும்? நெஜமா சொல்லு. அந்த நாற்காலி, அது யார் வெச்சது?"

ஹெலன் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். கோபி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்ததை, மயக்கம் வரும் என்று மகளிடம் பொய் சொன்னதை, சால்வையைத் தானே போர்த்தியதை. மகள் தனியாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே மேடையில் இரண்டு தடவை சிரித்ததை. சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. முகமும் காதும்தான் தகித்தன.

வெளியே டயர் உருளுகிற சத்தமும் பையனின் கூச்சலும் கேட்டன.

"எனக்கும் வேற வழி இல்லக்கா," என்றாள் அமிர்தவள்ளி கடைசியில். "உக்காரச் சொன்னா உக்கார வெப்பேன். நோயாளி மாரி தெரிய அவனுக்கு மொட்ட போடச் சொன்னாலும் போடுவேன். எனக்குப் புள்ள வேணும்."

பஸ்ஸில் வரும்போது ஹெலன் வேறு எதையோ சொல்லத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். ஒத்துக்காதே, நாற்காலி வேண்டாம் என்று சொல்லு, போட்டோவில் சிரிக்கட்டும் என்றெல்லாம். எதிரில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தைகள் எதற்கும் உதவாமல் போயின.

"சரி," என்றாள். "நாற்காலி கூடாதுன்னு கோபி சார்ட்ட நான் சொல்றேன். கேட்டா கேக்கட்டும். கேக்கலைன்னா உக்கார வை. ஆனா இன்னாத்துக்கு உக்கார வெக்கறேன்னு முன்னாடியே அவன்ட்ட உள்ளதச் சொல்லிடு. பொய் சொல்லாத."

அமிர்தவள்ளி தலையாட்டினாள்.

"அப்பவும் அவன் எந்திரிச்சிப் போனா, நீ மேடையில நிக்கக்கூடாது. யார் இன்னா சொன்னாலும் சரி, எறங்கி அவன் பின்னாடி போ."

"போனா, செக்கு?"

"நான் உன் பக்கத்துலயே நிப்பேன். நீ கைய வுட்டா அத நான் புடிச்சிக்கறேன்," என்றாள் ஹெலன். "எனக்கு அது பழக்கம்தான்."